318-க்குப் பின்னால் ஓர் எழுத்து

9-3-1999, செவ்வாய்

ராஜபாளையம் பஸ் இன்றைக்கும் கால் மணி நேரம் தாமதம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நின்றுகொண்டே வந்தேன். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு கம்ப்யூட்டர் ரூமுக்குள் போனால், லேபர் ஆபீசர் வைகுண்டராஜ் சார் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எங்கள் நூல் மில்லில் ஏ.சி. இருப்பது முதலாளி அறையிலும் இந்த அறையிலும்தான். அது கம்ப்யூட்டருக்குப் போட்டது, உனக்குப் போட்டதில்லை என்று பத்து வருடமாக யாராவது ஒருவர் ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

கையில் கோயம்புத்தூர் கம்பெனியின் கடிதம் வைத்திருந்தார். நம் மில்லில் ஆட்களின் வருகை, ஷிப்ட், லீவு எல்லாவற்றையும் பார்க்கும் புரோகிராம் 1989-இல் அவர்களிடம் வாங்கியது. அதில் வருடத்துக்கு இரண்டே இலக்கம். 2000 பிறந்தால் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். புது வெர்ஷன் தயாராக இருக்கிறது, ஆள் அனுப்புகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள்.

“ஜூன் முடியறதுக்குள்ள மாத்திரணும் பாக்கியம். செஞ்சிரலாம்லா?”

“செய்யலாம் சார்” என்றேன். கேள்வி முடிவதற்கு முன்பே என் வாயில் அது வந்துவிடுகிறது. அவர் போன பிறகுதான் யோசித்தேன். இப்போது ஓடுவது கம்பெனி கொடுத்த புரோகிராமா என்ன? இவர் ஒன்று கேட்டார், இவருக்கு முன்பிருந்தவர் ஒன்று கேட்டார், யூனியன் ஒன்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் புரோகிராமில் நானே சில வரி எழுதி ஓர் ஒட்டுப் போட்டேன். பத்து வருட ஒட்டு. எங்கே என்ன போட்டேன் என்று ஒரு காகிதத்தில்கூட எழுதி வைக்கவில்லை. ஏன், நான்தான் இங்கேயே கிடக்கப்போகிறேனே என்றா?

10-3-1999

தூத்துக்குடி அக்கா மகளுக்குக் காதுகுத்து. சாரிடம் லீவு கேட்டேன். “மிஷின் நின்னுச்சுன்னா யாரு பாப்பா?” கிடையாது.

22-3-1999, திங்கள்

கோயம்புத்தூரிலிருந்து ரத்தினம் என்று ஒருவர் வந்திருக்கிறார். முப்பது வயதிருக்கும். எல்லாவற்றுக்கும் “ஏனுங்க” போட்டு மரியாதையாகப் பேசுகிறார். நம் புரோகிராமைத் திறந்து பார்த்துவிட்டு, தன்னிடமுள்ள மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்தார். எங்களுடையது இரண்டு மடங்கு நீளம்.

இவ்வளவையும் யார் எழுதினது என்று கேட்டார். நான்தான் என்றேன். எங்கே படித்தீர்கள் என்றார். மதுரையில் ஆறு மாதம், மீதி இங்கேயே உட்கார்ந்து என்றேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த மூச்சில், புது வெர்ஷனைப் போட்டால் இது எல்லாமே அழிந்துவிடும் என்றார். ஒவ்வொன்றும் என்ன, எதற்கு என்று பட்டியல் வேண்டுமாம்.

பட்டியல். சரிதான்.

4-4-1999, ஈஸ்டர்

கோயிலுக்குப் போய் வந்து, பரணிலிருந்து பழைய டைரிகளை இறக்கினேன். எனக்குத் தெரிந்து வேறு பதிவு எங்கேயும் கிடையாது. மடவார் வளாகத்தில் உள்ள அத்தனை தூசியும் எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது போல. அப்பா இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

1991 ஆகஸ்டில்: “வத்திராயிருப்பு பஸ் மில் வாசலுக்கு வருவதே ஏழு ஐந்துக்கு. அதில் வருபவர்களுக்கு மட்டும் பத்து நிமிடம் சலுகை. இன்று போட்டேன், ஓடுகிறது. தலைவலி.”

1994 பிப்ரவரியில்: “நாகர்கோவில் மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். காபி கொடுக்கும்போது மில்லிலிருந்து சைக்கிளில் ஆள். ஷிப்ட் பட்டியல் வரவில்லையாம். போனேன். இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. திரும்பி வந்தபோது அவர்கள் போய்விட்டார்கள்.”

இரண்டையும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதியிருக்கிறேன். என்ன பெண் நான்? கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சாயங்காலம் வரை முப்பத்தாறு ஒட்டுகளைக் கண்டுபிடித்துவிட்டேன்.

19-4-1999

பேப்பரில் ஒரு விளம்பரம். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேபுக்கு ஆள் வேண்டுமாம். அனுபவம் இருந்தால் போதும் என்று போட்டிருக்கிறது. வீட்டில்கூடச் சொல்லாமல் விண்ணப்பித்தேன்.

14-5-1999, வெள்ளி

பல்வலி என்று பொய் சொல்லி லீவு போட்டு இன்டர்வியூவுக்குப் போனேன். பேச்சில் ஒட்டு என்று சொல்லிவிட்டேன், அது என்ன என்று கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொன்னார்கள். எழுத ஆரம்பித்து அரை மணி நேரம் என்னையே மறந்துவிட்டேன். சேலையெல்லாம் சாக்பீஸ் தூள். பிரின்சிபால் அம்மா சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. முப்பத்து மூன்று வயதில் இவ்வளவு ஆசை வரக்கூடாது.

27-5-1999

கிடைத்துவிட்டது. ஜூலை 5, திங்கட்கிழமை சேர வேண்டும். இப்போது வேலை பார்க்கும் இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் கட்டாயம்.

28-5-1999, வெள்ளி

என் ராஜினாமா வைகுண்டராஜ் சாருக்குப் புதிதில்லை. 1995-இல் ஒரு முறை, 97-இல் ஒரு முறை எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறையும் கவரைக்கூடப் பிரிக்காமல் திருப்பித் தந்தார். இந்த முறை பிரித்துப் படித்தார். மின்விசிறியைப் பார்த்தார். மோசமான மனிதர் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு நெஞ்சுக்கு முடியாமல் போனபோது மதுரைக்கு மில் காரை அனுப்பியவர் அவர்தான். அதுவும் சேர்ந்துதான் என்னைக் கட்டிப்போட்டிருக்கிறது.

“புது வெர்ஷனப் போட்டு முடிச்சுக் குடுத்துட்டுப் போம்மா. நான் தடுக்கல. ஆனா ஒட்டுப் போட்டதெல்லாம் வேண்டாம். கம்பெனி குடுத்தது குடுத்தபடி இருக்கட்டும். நீ போன பொறவு நான் யாரத் தேடுவேன்?”

நியாயமாகத்தான் இருந்தது. பட்டியலில் நாற்பத்தொன்று சேர்ந்திருந்தது. நாற்பத்தொன்றையும் எடுத்துவிடலாம் என்றதும், முதுகில் இருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

18-6-1999, வெள்ளி

பழைய பதிவுகளைப் புதுப் புரோகிராமுக்கு மாற்றிப் பார்த்தோம். ஒத்திகைதான். இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. 1,402 பேர் உள்ளே போனார்கள், 1,341 பேர் வெளியே வந்தார்கள். “61 இரட்டைப் பதிவுகள் நீக்கப்பட்டன” என்று அதுவே சொல்லிற்று. எப்போதோ ஓய்வு பெற்றவர்களின் பழைய பதிவாக இருக்கும், குப்பை கழிந்தது நல்லதுதானுங்க என்றார் ரத்தினம். எனக்கும் சரி என்றுதான் பட்டது. ஜூலை 1 முதல் இதுதான் ஓடும். 30-ஆம் தேதி “சரிபார்க்கப்பட்டது” என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் விடுவிப்புக் கடிதம்.

அம்மா பெட்டியை வெயிலில் காய வைத்திருக்கிறாள்.

21-6-1999, திங்கள்

சும்மா விளையாட்டாக, புதுத் திரையில் என்னை எப்படிக் காட்டுகிறது பார்ப்போம் என்று 318-ஐத் தட்டினேன். மில்லில் என் டோக்கன் எண் அது.

பெயர்: தவசிமுத்து. ஆண். பிறந்த வருடம் 1934. புளோரூம்.

அப்பா.

அறுபத்தைந்து வயதில் நான் பஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சிரித்தேன். அப்புறம்தான் அந்த 61 ஞாபகம் வந்தது.

எங்கள் மில்லில் ஒரு வழக்கம். உடம்புக்கு முடியாமல் விலகுகிறவரின் பிள்ளைக்கு வேலை கொடுப்பார்கள். அப்பன் டோக்கனே பிள்ளைக்கு வரும். 1986-இல் நான் அப்படித்தான் வந்தேன், நூல் சுற்றுகிற ரீலிங் செக்சனுக்கு. கம்ப்யூட்டர் வந்தபோது டைப் தெரியும் என்று இங்கே இழுத்துப் போட்டார்கள். ஒரு டோக்கனுக்கு ஓர் ஆள்தான் என்று கம்பெனி புரோகிராம் அடம்பிடித்தது. அதனால் டோக்கனுக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தேன். அப்பனுக்கு ஏ, பிள்ளைக்கு பி. என்னுடைய முதல் ஒட்டு அதுதான்.

1990-இல் கார்டு அச்சடிக்க ஆரம்பித்த முதல் மாதம் 212-பி என்று வந்தது. ரீலிங்கில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள், நாங்க என்ன ரெண்டாந்தரமா என்று. மறுநாளே அந்த எழுத்து திரையிலும் வராமல் கார்டிலும் வராமல் மறைத்துவிட்டேன். உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. எனக்கே மறந்துபோகும் அளவுக்கு நன்றாக மறைத்திருக்கிறேன். டைரியிலும் எழுதவில்லை.

புதுப் புரோகிராமுக்கு அந்த எழுத்து தெரியாது. ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் முதலில் இருப்பவரை வைத்துக்கொண்டு அடுத்தவரைத் தள்ளிவிட்டது. முதலில் இருந்தது அப்பன்மார். அறுபத்தொரு பிள்ளைகளைக் காணவில்லை.

23-6-1999

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பெர்சனல் பைல்களை எடுத்துப் பார்த்தேன். வாரிசாக வந்த யாருக்கும் வேலை உத்தரவு என்று ஒரு தாள் கிடையாது. டோக்கன் கை மாறியது, அவ்வளவுதான். இன்ன ஆள் இன்ன தேதியில் சேர்ந்தார் என்பதற்கு இந்த மில்லில் இருக்கும் ஒரே சாட்சி நான் மறைத்த எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள பதிவு.

அது போய்விட்டால், ஜூலையில் அறுபத்தொரு பேரை வயது கடந்தவர்கள் என்று கேட்டில் நிறுத்துவார்கள். பிறகு சரிசெய்யலாம். எதை வைத்து?

26-6-1999, சனி

பஸ்ஸில் கருத்தம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வ.புதுப்பட்டியிலிருந்து வருகிற பிள்ளை. ரீலிங்கில் ஒன்பது வருடம். 212 அவள்தான்.

“போறீகளாமேக்கா. நல்லா இருங்க. இந்த மில்லுக்குள்ள இருந்து ஒரு பொம்பள வாத்தியார் வேலைக்குப் போறான்னா எங்களுக்கும் பெருமதான்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெயில் படுகிறது என்று சேலையை முகத்தில் இழுத்தேன்.

27-6-1999, ஞாயிறு

சொல்லாமல் போனால் என்ன? வைகுண்டராஜ் சாரே ஒட்டு வேண்டாம் என்றார். ரத்தினம் குப்பை என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டால் யாரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. பதின்மூன்று வருடம். ஒரு கல்யாணம். இன்னும் என்ன கொடுக்க வேண்டும் இந்த மில்லுக்கு?

ஆனால் மறைத்தது நான்.

நான்தானே மறைத்தேன்.

29-6-1999, செவ்வாய்

சொல்லிவிட்டேன். அறுபத்தொரு பேர் அழிந்துவிட்டார்கள், நானும்தான் என்று. வைகுண்டராஜ் சார் உடனே புரிந்துகொண்டார், அவர் மூளைக்குக் குறைவில்லை. வெளியே மூச்சு விடாதே என்றார். டைப் அடித்துத் தயாராக மேஜை மேல் இருந்த என் விடுவிப்புக் கடிதத்தை எடுத்து டிராயருக்குள் வைத்தார்.

“அப்போ நீ போக முடியாதேம்மா.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் பார்த்துச் சொன்னார்.

2-7-1999

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பாலிடெக்னிக்குக்குப் பேசினேன். இரண்டு மாதம் பொறுக்க முடியுமா என்று. பிரின்சிபால் அம்மா வருத்தப்பட்டார்கள். அடுத்த ஆள் காத்திருக்கிறாராம்.

5-7-1999, திங்கள்

ராஜபாளையம் பஸ்ஸில்தான் ஏறினேன்.

6-7-1999

அம்மா பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். சண்டையாவது போட்டிருக்கலாம்.

19-7-1999, திங்கள்

ரத்தினம் திரும்ப வந்தார். அந்த எழுத்தைப் புது வெர்ஷனில் நானே எழுதிச் சேர்த்துவிடுகிறேன், நான்கு நாள் வேலை என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“சேத்தலாமுங்க. ஆனா ரெண்டு வருசத்துல அடுத்த வெர்ஷன் வரும். அப்பவும் நீங்களேதானுங்க உக்காரோணும். அதுக்கடுத்ததுக்கும் நீங்கதான்.”

பிறகு யோசித்துச் சொன்னார்: புரோகிராமை ஆட்களுக்கு ஏற்ப வளைக்கிறீர்கள், அதற்குப் பதில் ஆட்களின் பதிவை நேராக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு சொந்த டோக்கன். அப்புறம் எந்த எழுத்தும் வேண்டாம்.

எவ்வளவு சின்ன விஷயம். பத்து வருடமாக ஏன் எனக்குத் தோன்றவில்லை? யாராவது வந்து கேட்டால் புரோகிராமைத்தான் மாற்றுவேன். அதுதான் என் கைக்கு எட்டியது. மில்லை மாற்றச் சொல்ல எனக்கு யார் இடம் கொடுத்தார்கள்?

21-7-1999, புதன்

இன்று ஒரு பொய் சொன்னேன். பல்வலியை விடப் பெரிய பொய்.

வைகுண்டராஜ் சார் வந்து, “அந்தப் பழைய ஒட்டையே போட்டுரு, யாருக்கும் தெரிய வேண்டாம். செஞ்சிரலாம்லா?” என்றார்.

“முடியாது சார்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். பத்து வருடத்தில் என் வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை. எனக்கே வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. புதுப் புரோகிராம் ஏற்றுக்கொள்ளாது என்றேன். ஆளுக்கொரு புது டோக்கன் வேண்டும், சேர்ந்த தேதி போட்டு ஆளுக்கொரு உத்தரவு வேண்டும், அது இருந்தால்தான் ஓடும் என்றேன். வேறு வழியே இல்லையா என்று அவர் ரத்தினத்தைப் பார்த்தார். ரத்தினம் திரையைப் பார்த்தார். நான்கு நாளில் செய்யலாம் என்று நேற்று முன்தினம் நான் சொன்னதைக் கேட்டவர்.

“இல்லீங்க சார்” என்றார்.

வைகுண்டராஜ் சார் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வரை தண்ணீராகக் குடித்தேன்.

30-7-1999

உத்தரவு கொடுத்தால் ஒன்பது வருடம், பத்து வருடம் என்று எல்லோருடைய சர்வீஸையும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும் என்று முதலாளிக்கு யோசனை. ஒரு வாரமாக வைகுண்டராஜ் சார் போனில் முதலாளியிடம் தெலுங்கில் பேசுகிறார், வைக்கிறார், வெளியே போய் நிற்கிறார். ஆனால் டிசம்பர் 31 முதலாளிக்காக நிற்காது. பழையது ஓடாது, புதியது உத்தரவு இல்லாமல் ஓடாது. நான் சொன்னது அப்படித்தான்.

9-8-1999, திங்கள்

சம்மதித்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை, ஒவ்வொருவரும் புது எண்ணுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை என்று நினைத்தேன்.

14-8-1999, சனி

நேற்று ஆடிப்பூரத் தேர். ஊரே ரத வீதியில் நின்றதால் மில்லில் பாதி ஆள் இல்லை. இன்று மற்ற அறுபது பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. இருளப்பசாமி என்கிற பெரிய மனிதர் பேப்பரைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். அப்பன் நம்பரைப் பிடுங்கிவிட்டுப் பொறவு வேலையைப் பிடுங்குவான் என்று ஒரே பேச்சு. கருத்தம்மா அழுதாள்.

“அய்யா சாகும்போது என் கையில குடுத்தது இந்த ரெண்டு நூத்திப் பன்னெண்டுதான்க்கா. அத எழுதிக் குடுன்னா எப்படி?”

அவளுக்காகத்தான் போகாமல் இருந்தேன் என்று கத்த வேண்டும் போல் வந்தது. நல்லவேளை கத்தவில்லை. அவள் கேட்டாளா என்னிடம், இருந்துவிடு என்று?

சீ, என்ன பொழப்பு இது. போகவும் விடமாட்டாக, இருந்தாலும் ஏசுவாக.

15-8-1999, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 318-ஐ விட்டுவிடப் போகிறேன் என்றும் சொன்னேன். முப்பத்து மூன்று வருடம் அந்த எண்ணில் புளோரூமில் நின்றவர். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். இருமல் நிற்கும் வரை காத்திருந்து பேசினார்.

“முந்நூத்திப் பதினெட்டு, இங்க வாலேம்பாக. முந்நூத்திப் பதினெட்டு, அந்தக் கட்டத் தூக்குலேம்பாக. தவசிமுத்துன்னு ஒருத்தன் கூப்பிட்டதில்ல. அத எதுக்கு ஏட்டி நீ தூக்கிட்டு அலையுத?”

பிறகு பேப்பரைக் கேட்டு வாங்கி விளையாட்டுச் செய்தி படிக்க ஆரம்பித்துவிட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

16-8-1999, திங்கள்

ஷிப்ட் மாறுகிற நேரத்தில் டைம் ஆபீஸ் வாசலில் நின்று முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். பழைய டோக்கனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கினேன். 1503. என் பெயர், நான் சேர்ந்த தேதி போட்ட உத்தரவு. அதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அப்பா சொன்னதையும் சொன்னேன், சொன்னபடியே. புளோரூம் ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கும் அப்படித்தானே. அன்றைக்கே ஒன்பது பேர் போட்டார்கள்.

10-9-1999

அறுபது ஆகிவிட்டது. கருத்தம்மா தன் உத்தரவை இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னாள். சேர்ந்த தேதி 2-4-1990 என்று வந்த இடத்தில், “நான்தானே அது?” என்றாள். நீதான் என்றேன். சாப்பாட்டுப் பையில் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டாள். இருளப்பசாமி மட்டும் பாக்கி.

17-9-1999

இருளப்பசாமி போட்டுவிட்டார். பேனாவை எறிந்துவிட்டுப் போனார். போகட்டும்.

4-10-1999, திங்கள்

புதியது ஓட ஆரம்பித்துவிட்டது. ஏழு மணிக்கு 1,402 பேரும், அப்பன்மார் பழைய எண்ணிலும் பிள்ளைகள் புது எண்ணிலுமாக, அவரவராக இருந்தார்கள். 1503-ஐத் தட்டினேன். ஞானபாக்கியம். பெண். முப்பத்து மூன்று.

மற்ற ஒட்டுகளின் கதையையும் எழுதிவிட வேண்டும். வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு நான் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய பத்து நிமிடம், புது வெர்ஷனில் ஏற்கெனவே இருக்கிறது. இன்ன குழுவுக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு கட்டத்தில் நிரப்பினால் போதும். இன்னும் பதினொன்றுக்கும் அப்படியே வழி இருந்தது. மீதியை எடுத்துவிட்டோம். எடுத்தது ஒருவருக்கும் தெரியவில்லை. 93-இல் ஒரு வாரம் சாப்பிடாமல் எழுதிய லீவுப் பட்டியல் ஒன்று, அதைக் கேட்டவரே இப்போது அப்படி ஒன்று இருந்ததா என்கிறார்.

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி டைம் ஆபீஸ் கிளார்க்குக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பத்து நாளில் கற்றுக்கொண்டார். இவ்வளவு சுலபமாகவா?

22-11-1999, திங்கள்

ராஜினாமா கொடுத்தேன். கையில் வேறு வேலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருக்கிறார், சொல்லித்தர ஆள் தேடுகிறார். கேட்டுப் பார்க்க வேண்டும்.

வைகுண்டராஜ் சார் என்ன சொல்லித் தடுப்பார், நான் என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். கவரைப் பிரித்தார், படித்தார், கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிடம் இருக்கும்.

“பாஸ்வேர்டெல்லாம் எழுதிக் குடுத்துட்டியாம்மா?”

கொடுத்துவிட்டேன் சார் என்றேன்.

நல்லதும்மா, நல்லா இரு என்று அடுத்த பைலை எடுத்தார். நான் செத்த நேரம் அங்கேயே நின்றேன். இதைத்தானே கேட்டேன்? நான்கு வருடமாக இதைத்தானே கேட்டேன்? ஒரு வார்த்தை, இரு என்று சொல்லியிருந்தால் என்ன. இருந்திருக்க மாட்டேன். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

மத்தியான பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். பஸ் காலியாக இருந்தது.

31-12-1999, வெள்ளி

இன்ஸ்டிடியூட்டில் என்னிடம் கற்க இதுவரை ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். நாளை வருடம் பிறக்கிறது. அந்த நோட்டில் ஏதாவது விட்டுவிட்டேனா என்று காலையிலிருந்து மனசு அங்கேயே சுற்றுகிறது. மில்லிலிருந்து ஆள் வந்தால் போவதா வேண்டாமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை.

3-1-2000, திங்கள்

சனிக்கிழமை யாரும் வரவில்லை. நேற்றும் வரவில்லை. இன்று நான்கரை மணிக்கு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தபோது, வத்திராயிருப்பு பஸ்ஸுக்காகக் கருத்தம்மா நின்றிருந்தாள். சேலை முந்தியில் இன்னும் நூல் ஒட்டியிருந்தது. ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா உடம்பைக் கேட்டாள், பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறீர்கள் என்று கேட்டாள். நானாகத்தான் பேச்சை எடுத்தேன், புது வருடத்தில் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று.

“ஒண்ணும் இல்லக்கா. சனிக்கிழம ஏழு மணிக்குக் கார்டக் காட்டுனோம், உள்ள போனோம். அது பாட்டுக்கு ஓடுது.”

யாராவது என்னைத் தேடினார்களா என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, கேட்டுவிட்டேன்.

“யாரும் தேடலக்கா.”

அவள் பஸ் வந்தது. இடம் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்று அழுதேன். பாதிக்கு மேல் சந்தோஷம்தான். மீதி என்னவென்று தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். ஐந்து மணி வகுப்புக்குப் பிள்ளைகள் வந்திருப்பார்கள் என்று நடையைக் கட்டினேன்.